ஆன்டர்சனை விற்றது கணக்குக்காகவா, காசுக்காகவா?

டைன்கரை:
2024 ஜூன் கடைசியில் நம் நியூகாசில் கால்பந்து கிளப், எலியட் ஆன்டர்சனை நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் கிளப்புக்குச் சுமார் 3.5 கோடி பவுண்டுக்கு விற்றது. சின்ன வயதிலிருந்து நம் அகாடமியில், அதாவது கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பையன். கையோடு அதே ஃபாரஸ்டிடமிருந்து விளாக்கோடிமோஸ் என்ற கோல்கீப்பரைச் சுமார் 2 கோடிக்கு வாங்கினோம். அந்த சீசன் முழுக்க அவர் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆன்டர்சனோ 2025 செப்டம்பரில் இங்கிலாந்து அணிக்கே ஆடிவிட்டார். கழித்துப் பார்த்தால் கைக்கு வந்தது 1.5 கோடி. சவுதி முதலீட்டு நிதியமே உரிமையாளராக இருக்கும் கிளப்புக்கு இந்தப் பணம் ஒரு பொருட்டா? விற்றே ஆகவேண்டும் என்றால் வெளியிலிருந்து வாங்கிய யாரையாவது விற்றிருக்கலாமே? கணக்குத் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

ஐந்தொகை:
கைக்கு வந்த பணத்தை மறந்துவிட்டு ஏட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள், விஷயம் புரியும்.

ஒரு வீரரை வாங்கினால் அந்த விலை ஒப்பந்த ஆண்டுகளால் வகுக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு பங்காகச் செலவில் ஏறும். 5 ஆண்டு ஒப்பந்தம் என்று வைத்தால் கோல்கீப்பருக்கான 2 கோடி, ஆண்டுக்கு 40 லட்சம்தான். அதுவும் ஜூலையில் தொடங்கும் அடுத்த கணக்காண்டிலிருந்து. விற்கும்போது கதையே வேறு. விற்ற விலையிலிருந்து, இன்னும் செலவில் ஏறாமல் மிச்சமிருக்கும் ஏட்டு மதிப்பைக் கழித்தால் வருவது லாபம். அது முழுக்க அந்த ஆண்டிலேயே வரவு. அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலையே கிடையாது, ஏட்டு மதிப்பு பூஜ்யம். ஆகவே 3.5 கோடியும் 2023-24 கணக்கில் லாபம். அந்த ஆண்டைப் பொறுத்தவரை வித்தியாசம் 1.5 கோடி அல்ல, முழு மூன்றரைக் கோடி.

அந்த ஆண்டு ஏன் அவ்வளவு முக்கியம்? இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரைக்குமான பி.எஸ்.ஆர். என்ற நட்ட வரம்பு விதிப்படி, மூன்று ஆண்டுகளில் நட்டம் 10.5 கோடியைத் தாண்டக்கூடாது. அதில் 9 கோடியை உரிமையாளர் பங்கு மூலதனமாகப் போட்டு ஈடுகட்டலாம். அதற்கு மேல் அவரிடம் எவ்வளவு இருந்தாலும் உதவாது. அகாடமி, பெண்கள் அணி, சமூகப் பணி, மைதானக் கட்டுமானம் ஆகியவற்றுக்கான செலவை நட்டத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2022-23-இல் நமக்கு 7.34 கோடி நட்டம், அதற்கு முந்தைய ஆண்டும் ஏறக்குறைய அதே அளவு. 2023-24-இல் அது 1.11 கோடியாகக் குறைந்தது. ஆன்டர்சனையும், பிரைட்டனுக்குச் சுமார் 3 கோடிக்குப் போன இன்னொரு வீரர் மின்டேவையும் விற்காமல் இருந்திருந்தால் அந்த ஆண்டும் 7 கோடியைத் தொட்டிருக்கும். கழிவுகள் எல்லாம் போனாலும் வரம்புக்குள் நின்றிருக்க வழியில்லை.

வாங்கிய வீரரை விற்றிருக்கலாமே என்றீர்கள். ஹார்வி பார்ன்ஸை 2023-இல் சுமார் 3.8 கோடிக்கு வாங்கினோம். 5 ஆண்டுக்குப் பிரித்தால், ஓராண்டு கழித்து ஏட்டில் இன்னும் 3.04 கோடி நிற்கும். 3 கோடிக்கு விற்றால் ஒரு பைசா லாபம் கிடையாது. நல்ல விங்கர் (ஓரத்திலிருந்து தாக்கும் வீரர்) போனதுதான் மிச்சம். நடுக்கள வீரர்களில் டொனாலிக்கு அப்போது 10 மாதத் தடை. புரூனோவின் 10 கோடி விடுவிப்புத் தொகையை (ஒப்பந்தத்தில் எழுதிய தொகை; கட்டினால் கிளப் தடுக்க முடியாது) கட்ட எவரும் முன்வரவில்லை. லாபம் வரக்கூடிய பெயர்களில் கோர்டன், இசாக், மின்டே, ஆன்டர்சன்தான் மிச்சம். முதல் இருவரை விட்டால் தாக்குதலே இல்லை.

வலது_விங்:
கணக்கு சரி, ஐந்தொகை. ஆனால் அந்த நிலைமைக்கு வந்ததே தப்பு, அதை விதியின் தலையில் போட முடியாது. ஜூன் 30-க்குள் நீ விற்றே ஆகணும்னு எதிராளிக்குத் தெரிஞ்சா விலை அவன் சொல்றதுதான். இல்லேன்னா அவனும் உன்கிட்ட ஒரு ஆளைத் தள்ளிவிடுவான். கோல்கீப்பர் விஷயத்துல நடந்தது அதுன்னுதான் என் எண்ணம். ஓராண்டுக்கு முன்னாடி பென்ஃபிகாகிட்ட ஃபாரஸ்ட் ரொம்பக் கம்மியா வாங்கின ஆள் அவர்; அந்த 2 கோடியில பெரும்பகுதி அவங்களுக்கும் லாபம்.

விற்பனையை ஜனவரியிலேயே தொடங்கியிருக்கணும். 2024 ஜனவரியில நம்ம டிஃபெண்டர் டிரிப்பியரைக் கேட்டு ஜெர்மன் கிளப் பயர்ன் மியூனிக் வந்துச்சு. வயசு 33, சம்பளம் அதிகம், ஏட்டு மதிப்பு கொஞ்சம். கொடுத்திருந்தா சம்பளமும் மிச்சம். கோடைக்கு வந்ததும் அந்த வயசு ஆளுக்கு யாரும் அதே ஆர்வத்தோட வரமாட்டாங்க.

காத்திருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு ஃபாரஸ்டே சாட்சி. பிரென்னன் ஜான்சனும் அகாடமிப் பையன்தான். 2023 ஜூன் 30-க்குள்ள குறைஞ்ச விலைக்கு விற்காம, செப்டம்பர் 1-ல டாட்டன்ஹமுக்கு 4.75 கோடிக்கு வித்தாங்க. விலை கூடுதல், ஆனா கணக்காண்டு முடிஞ்சுபோச்சு. அவங்க வரம்பு 6.1 கோடிதான், ஏன்னா மூணுல ரெண்டு சீசன் இரண்டாம் டிவிஷன், அங்க ஆண்டுக்கு 1.3 கோடிதான் அனுமதி. 3.45 கோடி தாண்டினதுக்கு 4 புள்ளி போச்சு. நல்ல விலைக்காகக் காத்திருந்தோம்ங்கற வாதத்தை விசாரணைக் குழு ஏத்துக்கல.

டைன்கரை:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் நம் முன்கள வீரர் இசாக்கின் விற்பனை? 2025 செப்டம்பர் 1-இல் லிவர்பூலிடம் 12.5 கோடி வாங்கினோம். அவருக்குப் பதிலாக வாங்கிய வோல்டமாடே, விஸ்ஸா இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ அதே தொகை போய்விட்டது. கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லையே?

ஐந்தொகை:
ஏட்டில் மிஞ்சியது நிறைய. இசாக்கை 2022-இல் சுமார் 6.3 கோடிக்கு, 6 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினோம். ஆண்டுக்கு 1.05 கோடி செலவில் ஏறியது. மூன்று ஆண்டுக்குப் பின் 3.15 கோடி மிச்சம். எனவே விற்பனை லாபம் சுமார் 9.35 கோடி, 2025-26 கணக்கில் ஒரே தவணையாக. வோல்டமாடேயின் 6.5 கோடியை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1.3 கோடி. விஸ்ஸாவின் 5 கோடியை நான்கு ஆண்டென்று கொண்டால் 1.25 கோடி. இருவருக்கும் சேர்த்து 2.55 கோடி. முதல் ஆண்டில் நல்ல உபரி. ஆனால் அடுத்த ஆண்டு 9.35 கோடி திரும்ப வராது, 2.55 கோடி மட்டும் தொடர்ந்து ஏறும். விற்பனை லாபத்தை நம்பி ஓடும் கிளப்புகள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான்.

ஒப்பந்தம் ஆறோ எட்டோ ஆண்டாக இருந்தாலும் இப்போது ஐந்துக்கு மேல் பிரிக்க முடியாது. எண்ஸோ ஃபெர்னாண்டஸ், முட்ரிக் இருவருக்கும் செல்சி கிளப் எட்டரை ஆண்டு ஒப்பந்தம் கொடுத்த பிறகு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ 2023 கோடையிலும் பிரீமியர் லீக் அந்த டிசம்பரிலும் இந்த வரம்பைக் கொண்டுவந்தன. ஆனால் பாதியில் ஒப்பந்தத்தை நீட்டித்தால் மிச்சத்தை மறுபடி பிரிக்கலாம். 4 கோடி வீரர், ஐந்தில் மூன்று ஆண்டு முடிந்தது, மிச்சம் 1.6 கோடி. இன்னும் இரண்டு ஆண்டு கூட்டினால் ஆண்டுச் செலவு 80 லட்சத்திலிருந்து 40 லட்சமாக இறங்கும். கூடவே சம்பளம் ஏறும், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசிக்கோடு:
ஒன்று விட்டுப்போனது. விற்ற விலை முழுதும் விற்ற கிளப்புக்கு வராது. ஃபிஃபா விதிப்படி 5%, வீரரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போகும்: 15 வயது வரை ஆண்டுக்கு 0.25%, அதன்பின் 0.5%. வெளிநாட்டுக் கிளப் பயிற்றுவித்திருந்தால் இங்கிலாந்துக்குள்ளேயே நடக்கும் விற்பனைக்கும் இது பொருந்தும். இசாக் வளர்ந்த ஸ்டாக்ஹோமின் ஏ.ஐ.கே.வுக்கும் பங்கு உண்டு. பெரிய விற்பனையின் பலன் ஒரு சிறிய கிளப்பின் அகாடமி வரை போய்ச் சேர்வது இந்த வழியில்தான். இதை யாரும் தொட்டுவிடக் கூடாது.

டைன்கரை:
அகாடமிப் பையனுக்கு ஏட்டு மதிப்பு பூஜ்யம் என்றால், அடுத்து நெருக்கடி வரும்போது முதலில் அடிபடும் பெயர் லூயிஸ் மைலிதான். அதை நினைத்தாலே மனசு கனக்கிறது.

ஐந்தொகை:
அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் 2026-27 முதல் பி.எஸ்.ஆர். போய், அணிச் செலவை வருமானத்தின் 85 சதவீதத்துக்குள் வைக்கும் விதி வருகிறது. ஐரோப்பியப் போட்டியில் ஆடினால் யூஈஎஃப்ஏவின் 70 சதவீதம். சம்பளம், ஏட்டில் ஏறும் பங்கு, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் செலவில் வரும். விற்பனை லாபத்தை மூன்று ஆண்டுச் சராசரியாகத்தான் எடுப்பார்கள். ஜூன் 29-இல் மைலியை 3.5 கோடிக்கு விற்றாலும் அந்த ஆண்டுக்கு உதவுவது ஏறத்தாழ 1.17 கோடிதான்.