பகலொளிக் காரணியா, பகற்பங்கா?

க. (ஒஸ்லோ):
எல்லாருக்கும் வணக்கம். குறூருட் பள்ளத்தாக்கு அடுக்குமாடிகளில இருக்கிற எங்கட ஆக்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. பல்கனியைக் கண்ணாடியால அடைச்சால் உள்ளறை எவ்வளவு இருளும் எண்டதுதான் விஷயம். அதில ‘டாக்ஸ்லீஸ்ஃபக்டூர்’ எண்ட நோர்வேஜியச் சொல் பதினொரு இடத்தில வருது. வெளியில 10,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கேக்க மேசையில 200 விழுந்தால், அது 2 சதவீதம். ‘பகலொளிக் காரணி’ எண்டு போட்டிருக்கிறன். சரியோ?

சு. (தஞ்சாவூர்):
காரணி வேண்டாம் அம்மா. 12-க்கு 3 காரணி. மற்ற இடத்தில் ‘எதற்குக் காரணம்?’ என்றுதான் மனம் போகும். இது பங்கு. பகல் என்ற சொல்லே ‘பகு’ என்னும் அடியில் பிறந்தது. பட்டினப்பாலை வணிகரை ‘நெடுநுகத்துப் பகல் போல நடுவு நின்ற’ என்கிறதே, அங்கே பகல் என்பது நுகத்தின் நடுவாணி. பங்குக்கும் அதே பகுதான் வேர். ஆகவே ‘பகற்பங்கு’. ஒளி தனியே எதற்கு?

ம. (துரொன்ட்ஹைம்):
ஐயா, பகற்பங்கெண்டால் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் எண்டு நினைப்பினம்.

இரா. (கோவை):
‘வெயில் வீதம்’? பாட்டிக்கும் புரியும்.

ம.:
வெயில் மட்டும் வேண்டாம் அண்ணை. இந்தக் கணக்கு முகில் மூடின வானத்துக்குத்தான். நேர் வெயிலைச் சேர்க்கிறதில்லை. அதால தெற்கு யன்னலுக்கும் வடக்கு யன்னலுக்கும் ஒரே எண்தான் வரும். கட்டடக்கலை படிச்ச எனக்கே முதல் வருசம் அது ஏறேல்லை. அந்த வானத்தில உச்சி, அடிவானத்தை விட மூண்டு மடங்கு வெளிச்சம். மேல் மாடிப் பல்கனியின்ர தளம் அந்த உச்சியைத்தான் மறைக்குது. ஒஸ்லோவில மார்கழி நடுவில நண்பகல் சூரியன் 7 பாகைக்கும் கீழ. எதிர் புளொக்குக்கு மேலால வெயில் எங்க வரப்போகுது?

சு.:
யன்னல் போர்த்துக்கீசியம். சிலம்பில் ‘மான்கண் காலதர்’ உண்டு. கால் காற்று, அதர் வழி.

ம.:
ஐயோ, இதைக் கேளுங்கோ. இஞ்ச யன்னலுக்கு ‘வின்டு’. பழைய நோர்ஸ் மொழியில ‘வின்டவுகா’: காற்றுக் கண்! நீங்கள் மானின்ர கண் எண்டுறியள். ஆனா என்ர யன்னலில மூண்டு கண்ணாடி. காத்துக்கு நூலளவும் வழியில்லை. ‘ஒளியதர்’ எண்டு மாத்துவமோ?

சு.:
ஒளியதர்! மிக நன்று. துண்டுப்பிரசுரத்தில் போடலாமே.

க.:
பிரசுரத்தில யன்னல் யன்னலாத்தான் இருக்கும் ஐயா. இப்ப வியாழன் இரவு பத்தரை.

இரா.:
அப்போ ‘பகலொளி விழுக்காடு’. எங்கள் பாடநூல் சொல்.

க.:
அம்மாட்ட வாசிச்சுக் காட்டினன். ‘விழுக்காடு’ எண்டதும், எந்தக் காடு விழுந்தது எண்டா. எங்களுக்கு நூற்றுவீதம்தான் பழக்கம். ‘பகலொளி வீதம்’ உடன விளங்கினது. “அப்ப பல்கனியில கிடக்கிற அரிசிச் சாக்கை எடுக்கச் சொல்லுறியோ?” எண்டு கேட்டா. அதையே போட்டு அனுப்பீட்டன். கட்டட விதி வழிகாட்டி கேக்கிற சராசரி 2 சதவீதத்தையும் ‘வீதம் 2’ எண்டே விட்டிட்டன்.

இரா.:
சரி, எனக்கும் தூக்கம் வருகிறது. வீதமே இருக்கட்டும்.

சு.:
அச்சுக்குப் போனது போகட்டும். வீதம் என்றால் மணிக்கு இத்தனை மைல் என்பது போல. இங்கே எதுவும் ஓடவில்லை, மேசைமேல் விழுகிறது. என் குறிப்பேட்டில் பகற்பங்குதான்.