'முக்குளிப்புத் தகுதி' வேண்டாம், 'முக்குளிதகவு' ஆகட்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

கரையோரம் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலைப் பார்க்க நீருக்குள் முக்குளித்து இறங்கலாமா, அது அந்த உழைப்புக்கு உரியதா என்ற மதிப்பீட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். 'முக்குளிப்புத் தகுதி' என்று நம்மில் ஐயா ஒருவர் பரிந்துரைத்திருந்தார். சொல் எளியது. ஆனால் 'முக்குளிப்புத் தகுதி உண்டு' என்றால் முக்குளிப்பவர் வாங்கிய சான்றிதழைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். 18 மீட்டர் வரை இறங்கப் பயின்றவர், 30 மீட்டர் வரை பயின்றவர் என்ற பேச்சு அது. நமக்கு வேண்டியது கப்பலைப் பற்றிய சொல். ஒரே கையேட்டில் இரண்டும் வந்தால் குழப்பம் ஆபத்தில் முடியும்.

'மூழ்கத்தக்க கப்பல்' சரிவராது. அங்கே மூழ்குவது கப்பலாகிவிடுகிறது.

எனக்கு முதலில் தோன்றியது 'குளிதகவு'. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்று தொழிலிலேயே புழங்கும் வினை. ஆனால் இன்று 'குளி' என்று தனியே கண்டால் நீராடுவது என்றுதான் படிப்பார்கள். அதனால் 'முக்குளி'யை முழுதாகவே வைத்து 'முக்குளிதகவு' என்கிறேன். 'தகவு' இயற்பியலில் விகிதத்தையும் குறிக்கிறது, தெரியும். 'தக்கார் தகவிலர்' என்று குறளில் வரும் பழைய பொருளை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

சரி, இந்தச் சொல்லுக்குள் எதெல்லாம் அடங்கும்? கடல்நிலை அன்றாடம் மாறுவது, அதைத் தனியே வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். கரையோரக் கப்பலுக்குப் பொருந்தாது. அலையின் அசைவு அதன் நீளத்தில் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தொலைவில்) ஏறக்குறையப் பாதி ஆழம் வரை எட்டும். 8 நொடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 100 மீட்டர். அப்படியானால் 6 மீட்டரில் கிடக்கும் கப்பலை அப்படி வரும் ஒவ்வோர் அலையும் தொடுகிறது. மணலைக் கிளப்பி நீரைக் கலக்குகிறது. முக்குளிப்பவரை முன்னும் பின்னும் இழுத்துத் துருப்பிடித்த தகட்டில் மோதவிடுகிறது. காலப்போக்கில் கப்பலையே பிய்த்துப் போடுகிறது. பழைய நீராவிக் கப்பல்கள் பலவற்றில் கொதிகலன் மட்டும் எஞ்சி நிற்பதை முக்குளிப்பவர்கள் அறிவார்கள். பக்கத்தில் ஆறு கலந்தால், மழைக்குப் பின் நாள்கணக்கில் கலங்கல். ஆகவே ஆண்டில் எத்தனை நாள் நீர் அமைதியாகத் தெளிந்திருக்கும் என்பதும் அந்தக் கப்பலின் தகவில் ஒரு பகுதிதான்.

அதற்காகக் கரைக்கு அருகில் கிடப்பதெல்லாம் வீண் என்று தள்ளவும் முடியாது. பாலித் தீவின் துலாம்பெனில் கிடக்கும் 'லிபர்ட்டி' சரக்குக் கப்பலைப் பாருங்கள். 1942இல் டார்பிடோ தாக்கிக் கரையேற்றப்பட்டது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. கரையிலிருந்தே நீந்திப் போய்விடலாம். மேல்பகுதி சுமார் 5 மீட்டரில், அடிப்பகுதி 30 மீட்டர் அளவில். புதியவருக்கும் பழகியவருக்கும் அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. தகவு மிகுந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் இந்தச் சொல்லுக்குள் விடவே கூடாது: கப்பலின் உள்ளே நுழைவது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், வழிகாட்டும் கயிறு வேண்டும், காற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கில் போய், ஒரு பங்கில் திரும்பி, ஒரு பங்கைத் தொடாமல் வைக்கும் கட்டுப்பாடு வேண்டும். வெளியே கூட அறுந்த மீன்வலை சிக்கியிருக்கும். 'தகவு மிகுந்தது' என்பதை உள்ளே நுழைய அனுமதி என்று ஒருவர் புரிந்துகொண்டால் நம் சொல் ஓர் உயிரை வாங்கிவிடும்.

என் வரையறை இது: 'முக்குளிதகவு - மூழ்கிக் கிடக்கும் கப்பலில் வெளியிலிருந்து காண எஞ்சியிருப்பவை, அங்கே போய்த் திரும்புவதன் இடர், நீர் தெளியும் நாள்களின் அளவு ஆகியவற்றால் அறியப்படும் தகுதிப்பாடு.'

இதில் 'உடைகலம்' என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. செயற்கைப் பவளத்திட்டுக்காக வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட கப்பல்கள் உடையாமலே கிடக்கின்றன. உடைந்து மூழ்கியது, வேண்டுமென்றே மூழ்கடித்தது என்ற இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், வரையறையைத் திருத்திவிடலாம்.