எம்.டி.எஃப் பலகைகளை ஒட்டிப் பட்டறை மேசை: செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சூலூர்

வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஷெட் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மரவேலை பழகுகிறேன். அதற்கு ஒரு வேலை மேசை வேண்டும். 18 மி.மீ. எம்.டி.எஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை), எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்று வாங்கி, கடையிலேயே நீளவாக்கில் இரண்டாக அறுத்துக் கொண்டுவந்தேன். ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால் எட்டடி நீளம், இரண்டடி அகலம், 36 மி.மீ. கனம், 40 கிலோ பக்கம் எடை. உளி வைத்துத் தட்டினாலும் அதிராத மேசை வரும் என்பது கணக்கு.

மே மாதம், பகல் இரண்டு மணி, ஷெட்டுக்குள் அனல். இரண்டு மரக்குதிரைகளின் (பலகையைத் தாங்கும் கால் ஸ்டாண்டு) மேல் ஒரு பலகையை வைத்து, மூன்று இஞ்ச் பிரஷ்ஷால் ஃபெவிகால் பூச ஆரம்பித்தேன். மறுமுனைக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆரம்பித்த இடத்தைத் தொட்டால் விரலில் ஒட்டவில்லை, பசை மேலே தோல் கட்டியிருந்தது. பரவாயில்லை என்று மேல்பலகையை இறக்கினேன். அது வழுக்கிக்கொண்டே போனது. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் நகர்கிறது. எப்படியோ நேராக்கி, சுற்றிலும் எட்டு சி கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) மாட்டி, நடுவில் இரண்டு சிமெண்ட் மூட்டையை ஏற்றி வைத்தேன். ஓரம் முழுக்கப் பசை பிதுங்கி வந்ததால் நன்றாகப் பிடித்துவிட்டது என்று நம்பினேன்.

மறுநாள் காலை அலுமினியக் குழாயைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் ஒரு மூலை 6 மி.மீ. தூக்கியிருக்கிறது. நடுவில் விரல் முட்டியால் தட்டினால் வெற்றுச் சத்தம். அந்த இடத்தில் வட்டமாக ஒரு துண்டை அறுத்து எடுத்தேன். இரண்டாகப் பிரிந்து கையில் விழுந்தது. கீழ்ப்பாதியில் பசை கண்ணாடி மாதிரிக் காய்ந்திருந்தது, பிரஷ் இழுத்த கோடுகளை எண்ணிவிடலாம். மேல்பாதியில் ஒரு பொட்டுப் பசை இல்லை. அந்த இடத்தில் இரண்டு பலகையும் ஒன்றை ஒன்று தொடவே இல்லை.

ஒட்டியவர்கள் நடுப்பகுதியை எப்படி அழுத்தினீர்கள்? ஒரு மூலை தூக்கும் இந்த முறுக்கு எங்கிருந்து வந்தது?

நாகர்கோவில்

தம்பி, முறுக்கு அந்தக் குதிரைகளிலிருந்துதான் வந்திருக்கும். தனித்தனியாக இருக்கும்போது 18 மி.மீ. பலகை வளைந்து கொடுக்கும். இரண்டு குதிரையும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் பலகையும் அப்படியே படுக்கும். பசை காய்ந்த பிறகு இரண்டு பலகையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், அந்த வடிவம் திரும்பாது. ஒட்டுவதற்கு முன்னால் அடித்தளத்தை நாலு ஓரமும், மூலைக்கு மூலையும் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். ரசமட்டம் மட்டும் போதாது. நான் தரையில் நல்ல ஃப்ளஷ் டோர் (தட்டையான கதவு) ஒன்றைப் போட்டு, அடியில் சக்கை (மெல்லிய மரத்துண்டு) கொடுத்து மட்டப்படுத்தி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்துவிட்டுத்தான் பசை டப்பாவையே திறப்பேன்.

நடுவை அழுத்த ஸ்க்ரூதான். மேசையின் மேல்முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து ஒட்டுங்கள், ஸ்க்ரூவை அடிப்பக்கத்திலிருந்து போடலாம். முப்பது மி.மீ. ஸ்க்ரூ, ஒன்பது இஞ்சுக்கு ஒன்று. இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஸ்க்ரூ முதலில் நுழைகிற பலகையில் துளை தாராளமாக இருக்க வேண்டும், மரை அதில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் இரண்டு பலகைக்கும் நடுவில் இடைவெளி அப்படியே நின்றுவிடும். அடுத்தது, எம்.டி.எஃப்பில் ஸ்க்ரூ ஏறும்போது துளையைச் சுற்றிப் புற்று மாதிரிப் புடைக்கும். அந்தப் புடைப்பே பலகைகளைச் சேரவிடாது. ஆகவே முதலில் பசையில்லாமல் ஒருமுறை முழுக்க முடுக்கி, கழற்றி, ஒட்டும் முகத்தில் ஒவ்வொரு துளை வாயையும் பெரிய டிரில் பிட்டால் லேசாகச் சுரண்டிவிட்டு அப்புறம் பசை போடுங்கள். அதே துளைகளில் திரும்ப முடுக்கும்போது பலகை வழுக்கவும் வழுக்காது.

பிரஷ் வேண்டாம். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பல்லுக் கரண்டியில் சின்னப் பல் உள்ளதை வாங்குங்கள். எட்டடிக்கு நாலு நிமிடம் போதும். வெயில் ஏறுவதற்கு முன் காலை ஆறு மணிக்கு முடித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் கையில் நடந்தது. ஒரு கடைக்கு இதே மாதிரி ஒட்டி கவுண்டர் செய்தேன். மேலே மட்டும் மைக்கா, அடியை வெறுமனே விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் அடிப்பக்கம் ஈரம் இழுத்து நீண்டது, மேல்பக்கம் நீளவில்லை. இரண்டு முனையும் தூக்கி நடு இறங்கிவிட்டது. என் செலவில் வேறு செய்து கொடுத்தேன். மேலே என்ன ஒட்டுகிறீர்களோ அடியிலும் அதையே ஒட்டுங்கள்.

ஸ்காபரோ, கனடா

சூலூர் அண்ணைக்கு வெக்கை என்றால் எனக்குக் குளிர். ஜனவரி மாதம், கராஜுக்குள் 4 பாகை. பசையை வடிவாகப் பூசி, கிளாம்ப் எல்லாம் இறுக்கி, இரண்டு நாள் விட்டேன். பிறகு ஓரத்தைப் பார்த்தால் பிதுங்கின பசை சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. உளியை வைத்து நெம்பினேன், பலகை முழுதாகக் கழன்று வந்தது. எம்.டி.எஃப்பின் ஒரு நார்கூட கிழியவில்லை. இந்த வெள்ளைப் பசை, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துணிக்கைகள்தான். தண்ணீர் போனதும் அவை உருகினமாதிரி ஒன்றோடொன்று சேர்ந்து படலமாக வேண்டும். குளிரில் சேராது, தூளாகவே காய்ந்துவிடும். 10 பாகைக்கு மேலே பாவிக்கச் சொல்லிப் போத்தலின் பின்பக்கத்தில் போட்டிருந்ததைப் பிறகுதான் வாசித்தேன்.

இரண்டாம் முறை பலகை, பசை இரண்டையும் பேஸ்மென்டுக்குள் இரண்டு நாள் வைத்துச் சூடேற்றிப்போட்டு ஒட்டினேன். எனக்குத் தளத்தில் ஸ்க்ரூத் துளை விருப்பமில்லை. நாலு இஞ்ச் மரச்சட்டங்களின் ஒரு பக்கத்தை, நடு 2 மி.மீ. புடைத்து நிற்கிறமாதிரி இழைத்தேன். அந்த வளைவு பலகையில் படும்படி குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டால் முதலில் நடுதான் அழுந்தும். சட்டத்துக்கு அடியில் பசை ஒட்டாமல் பொதி ஒட்டும் டேப் ஒட்டினேன். மூன்று வருடமாகிறது, அசையவில்லை.

சூலூர்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நான் வைத்த சிமெண்ட் மூட்டைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு கிலோவை எட்டடிக்கு இரண்டடியில் பரப்பினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிராம்கூட வரவில்லை. ஓரத்தில் பசை பிதுங்கியது கிளாம்ப்பின் வேலை, மூட்டையின் வேலை இல்லை.

போன ஞாயிறு புது ஷீட் வாங்கி நாகர்கோவில் அண்ணா சொன்னபடியே செய்தேன். ஃப்ளஷ் டோரை மட்டப்படுத்தவே இரண்டு மணி நேரம். ஒத்திகையில் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தபோது துளை வாயில் அந்தப் புடைப்பு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட்டது. காலை ஆறரைக்குப் பசை போட்டேன். கடைசி ஸ்க்ரூ ஏறும்போது பசை ஈரமாகத்தான் இருந்தது. நடுவில் சிக்கிய தண்ணீர் வெளியேற நேரம் வேண்டும் என்பதால் மூன்று நாள் தொடவில்லை.

நேற்று நிமிர்த்தி, குழாயைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்குமே வெளிச்சம் கசியவில்லை. ஒரு ரூபாய்க் காசால் எட்டடியும் தட்டிக்கொண்டே போனேன், முனைக்கு முனை ஒரே சத்தம். கூப்பிட்டு மனைவிக்கும் தட்டிக் காட்டினேன்.

ஓரங்களைக் கால் இஞ்ச் சீவிச் சுத்தமாக்கியாயிற்று. தூசு மாவு மாதிரிப் பறக்கிறது, நல்ல மாஸ்க் இல்லாமல் யாரும் அறுக்காதீர்கள். விளிம்பு தண்ணீர் குடிக்காமல் இருக்க சுற்றிலும் மரச்சட்டம் அடிக்கப் போகிறேன். பழைய ஜன்னலில் எடுத்த தேக்கும் இருக்கிறது, வேங்கையும் இருக்கிறது. அண்ணா, இந்த மேசைக்கு நீங்கள் எதைப் போடுவீர்கள்?