புதிய பேட்டரியும் இறங்கிவிடுகிறது: சார்ஜிங்கை எப்படிப் பாதுகாப்பாகச் சோதிப்பது?

கேள்வி:
என் மோட்டார் சைக்கிளின் பேட்டரியை நான்கு மாதங்களுக்கு முன்புதான் மாற்றினேன். இப்போது செல்ஃப் பொத்தானை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்ற ஓசை மட்டுமே வருகிறது. சார்ஜரில் போட்டு ஏற்றினால் இரண்டு மூன்று நாள்கள் நன்றாக இருந்து, பிறகு மீண்டும் இறங்கிவிடுகிறது. என்னிடம் டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது. மின்வேலையில் அனுபவம் இல்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும்படியும், வண்டி நிற்காவிட்டால் சார்ஜிங் சரியாக இருப்பதாகப் பொருள் என்றும் ஒருவர் கூறினார். அவ்வாறு செய்யலாமா?

பதில் 1:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓடும் இன்ஜினில் பேட்டரியைப் பிரித்தால், மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் பொருள் சுற்றில் இல்லாமல் போய், அது திடீரென்று எகிறி இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும், சார்ஜிங் மின்னழுத்தத்தை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும். அந்த நேரத்தில் பறக்கும் தீப்பொறி, சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவைப் பற்றவைக்கவும் கூடும்.

முதலில் மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான வெளியிடத்தில் வேலை செய்யுங்கள். பேட்டரியைப் பிரிக்க வேண்டியிருந்தால் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயர் ‘10 ஆம்பியர்’ துளையில் செருகியிருக்கும் நிலையில் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது நேரடி ஷார்ட் சர்க்கியூட் ஆகும். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுவே என்பதால், ஒவ்வொரு முறையும் ஒயர் வோல்ட் துளையில்தான் இருக்கிறதா என்று பார்த்த பின்பே முனையைத் தொடுங்கள்.

பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வாக விட்டு மல்டிமீட்டரை டிசி (நேர்மின்) வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். லெட் ஆசிட் வகையாக இருந்தால் 12.6 முதல் 12.8 வரை இருக்க வேண்டும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் மிச்சம். பிறகு செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியே பலவீனமானது.

பதில் 2:
பேட்டரி தேறிவிட்டால், இன்ஜினை ஓடவிட்டு அதே முனைகளில் அளந்து பாருங்கள். ஆக்சிலேட்டரை ஏற்றி நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்றில் வைக்கும்போது, பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அளவு உயரவே இல்லையென்றால், ஸ்டேட்டரிலிருந்து (இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருள்) ரெகுலேட்டருக்குச் செல்லும் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பான்) இன்ஜினை நிறுத்திவிட்டுப் பிரித்து, மறுபடி இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டேட்டர் பக்கத்தில் ஒரே நிறத்தில் வரும் மூன்று ஒயர்களையும் இரண்டிரண்டாக ஏசி (மாறுமின்) வோல்ட்டில் சோதிக்க வேண்டும். மூன்று அளவுகளும் ஏறக்குறைய சமமாக இருந்து, வேகத்துடன் கூட வேண்டும். எத்தனை வோல்ட் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும். இங்கே மின்னழுத்தம் 50 வோல்ட்டுக்கு மேலும் போகலாம், ஆகவே வெறும் உலோகத்தைக் கையால் தொட வேண்டாம்.

கேட்டவர்:
சார்ஜ் செய்து ஓரிரவு விட்ட பின் 12.7, செல்ஃப் அடிக்கும்போது 10.6. ஓடும்போது 4,000 சுற்றில் 12.9 மட்டுமே, ஹெட்லைட் போட்டால் 12.4-க்கு இறங்குகிறது. கப்ளரைப் பிரித்தபோது மூன்று பின்களில் ஒன்று கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. ஸ்டேட்டர் பக்கம் மூன்று அளவுகளும் சமமாகவே உள்ளன.

பதில் 2:
அப்படியானால் உங்கள் பேட்டரிமீதும் ஸ்டேட்டர்மீதும் குற்றமில்லை. ஒரு பின் கருகியதால் ஸ்டேட்டர் மூன்று ஒயர்களில் அனுப்பும் மின்சாரத்தில் (மூன்று பேஸ்) ஒரு ஒயர் துண்டிக்கப்பட்டு, மீதி இரண்டு ஒயர்கள் தரும் மின்சாரம் விளக்கின் செலவுக்கே போதாமல், பேட்டரி நாள்தோறும் சிறிது சிறிதாக வற்றியிருக்கிறது. தளர்ந்த பின்னில் தடை கூடும், தடையில் வெப்பம் பிறக்கும், வெப்பம் பின்னை மேலும் தளர்த்தும். எனவே கருகிய பகுதியைத் தேய்த்துச் சுத்தம் செய்து திரும்பச் செருகினால் விரைவில் மறுபடியும் கருகும். இரு பக்கமும் புதிய கப்ளரைப் போட்டு, பின்களைச் சரியான கருவியால் இறுக்குங்கள். ஒயரின் செம்பும் கறுத்திருந்தால், பளபளப்பான இடம் வரும்வரை வெட்டிவிடுங்கள்.

கேட்டவர்:
இரு பக்கமும் மாற்றிவிட்டேன். ஹெட்லைட் எரியும்போதே 4,000 சுற்றில் 14.1 காட்டுகிறது. ஒரு வாரம் ஓட்டிய பின்னும் காலையில் 12.7 நிற்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.