டைக்ளோ ஊசி போட்ட இடம் கறுத்துவிட்டது: வலிக்கு ஊசி தேவையா, மாத்திரை போதாதா?

களக்காட்டான்:
சித்தப்பா வாழைத்தார் சுமக்கிறவர். முதுகு பிடித்துக்கொண்டது என்று பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போனார், டைக்ளோஃபினாக் (டைக்ளோ) என்ற வலிநிவாரணி ஊசியைக் கையில் போட்டு அனுப்பிவிட்டார்கள். போட்ட உடனே உயிர் போகிற வலி, கொஞ்ச நேரத்தில் தோல் வெளுத்து, அப்புறம் வலை விரித்த மாதிரி நீலமும் சிவப்புமாகப் படர்ந்து, இப்போது நடுவில் கறுத்து நிற்கிறது. கேட்டால் ஐஸ் வை, சரியாகிவிடும் என்கிறார்கள். மாத்திரைக்கு அடங்காத வலியா அது? இந்த ஊசியையே நிறுத்த வேண்டும் என்கிறேன்.

அம்பை அண்ணாச்சி:
தம்பி, ஒருத்தருக்கு ஆனதை வைத்து ஊசியே வேண்டாம் என்றால் எப்படிவே? நடவுக்குப் போகிற பொம்பளையும் பீடி சுற்றுகிறவளும் மாத்திரை போட்டுவிட்டு வலி எப்போ குறையும் என்று பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியுமா? அன்றைய கூலி போனால் போனதுதான். எனக்குக் கல்லடைப்பு வந்து தரையில் உருண்டபோது இதே ஊசிதான் காப்பாற்றியது. வாந்தி நிற்காதவனுக்கு மாத்திரை எங்கே தங்கும், சொல்லுங்க.

பாளை சிஸ்டர்:
முதலில் களக்காட்டுத் தம்பிக்கு. ஐஸ் வைக்காதீர்கள், குளிர்ச்சி ரத்தக்குழாயை இன்னும் சுருக்கும். இன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி அறுவைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நிக்கோலாவ் சிண்ட்ரோம் மாதிரி இருக்கிறது, நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். 1920களில் மேகநோய்க்கு (சிபிலிஸ்) பிஸ்மத் ஊசி போட்டவர்களிடம் முதலில் கண்டது இது. மருந்து சிறு தமனிக்குள்ளோ அதை ஒட்டியோ போய்விட்டால் குழாய் சுருங்கியோ அடைத்தோ போகும், அந்த வட்டாரத்துத் தோலுக்கும் சதைக்கும் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகும். டைக்ளோ போன்ற மருந்துகள் குழாயை விரித்து வைக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற உடம்புப் பொருளையும் தடுக்கின்றன, அதனால் சுருக்கம் கூடுகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அழுகின பகுதியை வெட்டி எடுத்து, வேறு இடத்துத் தோலை ஒட்ட வேண்டிய நிலைகூட வரும்.

அம்பை அண்ணாச்சி:
அப்போ குற்றம் ஊசி மேல் இல்லை, போட்டவன் மேல்தானே!

மருந்துக்கடைக்காரன்:
பாதி சரி அண்ணாச்சி. 75 மில்லிகிராம் ஆம்பியூல் (கண்ணாடி மருந்துக் குப்பி) வழக்கமாக 3 மில்லி. இடுப்பில், பிட்டத்தின் மேல்வெளிப் பக்கத்தில், சதைக்குள் ஆழமாகப் போக வேண்டிய மருந்து, தோள்பட்டைச் சதைக்கு அவ்வளவு கொள்ளாது. கட்டையான ஊசியால் குண்டான ஆளுக்குக் குத்தினால் கொழுப்போடு நின்றுவிடும், அங்கேயே கட்டி தட்டும். உள்பக்கமாகத் தள்ளிக் குத்தினால் காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பில் படும், பாதம் தொங்கிப்போன ஆட்கள் உண்டு. ஊசி சுத்தமில்லை என்றால் சீழ்க்கட்டி. ஆனால் நம் ஊரில் சேலையை அவிழ்க்கக் கூச்சம், கையை நீட்டிவிடுகிறோம், அவர்களும் போட்டுவிடுகிறார்கள்.

   

பாளை சிஸ்டர்:
மீதிப் பாதியை நான் சொல்கிறேன். சரியான இடத்தில், பின்னால் இழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்துப் போட்டும் இந்த நிக்கோலாவ் வந்திருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் சரியாகப் போட்டால் வராது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் தேவையில்லாத ஊசியைத் தவிர்க்கச் சொல்கிறோம். கல்லடைப்புக்கு இந்த வகை ஊசி நல்ல மருந்து, அதில் அண்ணாச்சியோடு எனக்குச் சண்டை இல்லை. முதுகுப்பிடிப்புக்கும் மூட்டுவலிக்கும்தான் வழக்கு. 1990களில் அவசரப் பிரிவுக்குச் சதைவலியோடு வந்தவர்களுக்குக் இதே வகை மருந்தான கெட்டோரோலாக் ஊசியும் ஐபுபுரோஃபன் மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள், வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை.

அம்பை அண்ணாச்சி:
மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், ஊசிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதையும் சொல்லுங்க.

பாளை சிஸ்டர்:
அதுதான் இல்லை. புண் வருவது ரத்தத்தில் போன மருந்தால், எந்த வழியாகப் போனாலும் இரைப்பையின் பாதுகாப்பு குறையும். கிட்னிக்கும் அப்படியே. காய்ச்சலோடு வந்து உடம்புவலிக்கு ஊசி கேட்கிறவர்கள் இன்னும் மோசம். டெங்குவாக இருந்தால் இந்த மருந்து ரத்தக்கசிவைக் கூட்டும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்த உடம்பில் சதைக்குள் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டும்.

அம்பை அண்ணாச்சி:
சரி, காய்ச்சலுக்கு வேண்டாம், ஒத்துக்கிடுதேன். ஆனால் ஊசி போடாத டாக்டரிடம் எங்க ஊரில் யாரும் போக மாட்டார்கள், அதை மாற்றிவிட்டு வந்து பேசுங்க.

களக்காட்டான்:
அதற்காகச் சித்தப்பா கையைக் கொடுக்க முடியுமா அண்ணாச்சி? ஆட்டோ வந்துவிட்டது, பாளைக்குக் கிளம்புகிறோம். சிஸ்டர், சீட்டில் ஊசி பெயர் எழுதவே இல்லை, என்ன சொல்லட்டும்?

பாளை சிஸ்டர்:
கிளினிக்குக்குப் போன் பண்ணி மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆம்பியூல் இருந்தால் அதையும் வாங்கிப் போங்கள். வழியில் யாராவது தேய்த்துவிடுகிறேன் என்றால் விடாதீர்கள்.