டகோமா சோனிக்ஸ்: முதலில் கேட்டபோது உங்களுக்கு என்ன ஆச்சு?

மழைக்கோட்டு

அறுபதுகளின் ராக் குழுவான சோனிக்ஸுக்கு இங்கே அறிமுகம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அவர்கள் ஊரான டகோமாவில் பழைய ரெக்கார்டுக் கடை ஒன்றில் அவர்களுடைய முதல் ஆல்பமான 'ஹியர் ஆர் த சோனிக்ஸ்' உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜினி டெலாச்சியோ எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். பக்கத்தில் ஒரு பெரியவர், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க வாசிக்க நான் ஆடியிருக்கேன்" என்றார். எப்படி இருந்தது என்று கேட்டேன். பதிலே இல்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே பல் தெரியச் சிரித்தார். அதற்குள் அவர் மனைவி வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். எந்த அரங்கம், எந்த வருஷம், கேட்க எவ்வளவோ இருந்தது. அந்தச் சிரிப்பு மட்டும்தான் மிச்சம்.

ஃபேடர்

சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு 'த விட்ச்' போட்டுக் காட்டினேன், 1964 நவம்பரில் வந்த சோனிக்ஸின் முதல் சிங்கிள். பத்து விநாடி ஆகியிருக்காது, எழுந்துபோய் ஸ்பீக்கர் கேபிளை ஆட்டிப் பார்க்கிறான்! கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, உட்கார் என்றேன். "அப்போ ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிருக்கா சார்?" கிழிந்ததுதான், ஆனால் நம்முடையது இல்லை, அவர்களுடையது. பேஸ் கிட்டார் வாசித்த ஆன்டி, ஐஸ் உடைக்கும் ஊசியால் ஸ்பீக்கரில் குத்துவாராம். ரயில் கவிழ்ந்த மாதிரி எங்கள் சத்தம் ஆனது அப்படித்தான் என்று அவருடைய சகோதரர் லாரியே சொல்லியிருக்கிறார்.

பையன் அடுத்துக் கேட்டது டிரம்ஸுக்கு எத்தனை மைக் என்று. ஒன்று. சியாட்டிலில் ஒலிப்பதிவாளர் கியர்னி பார்ட்டனின் கூடத்தில், இரண்டு டிராக் இயந்திரத்தில். நிர்வானா குழுவின் கர்ட் கோபெய்ன் அந்த டிரம்ஸ் ஒலியைத் தலையில் வைத்துக் கொண்டாடியதையும் சொன்னேன். எங்கள் மைக் அலமாரியை ஒருமுறை பார்த்தான். டீ வரும்வரை என்னோடு பேசவில்லை.

வைத்தியர் மகன்

அப்பா சித்த வைத்தியர். நான் ஹெட்போனில் சோனிக்ஸின் 'ஸ்ட்ரிக்னைன்' கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது என்ன பாட்டு என்றார். சிலருக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலருக்கு ஒயின், இவனுக்கு மட்டும் ஸ்ட்ரிக்னைன்தான் பிடிக்குமாம் என்றேன். அப்பா மருந்து இடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எட்டிக்கொட்டையில இருக்கிற விஷம்டா அது."

"ஆமாப்பா."

"விஷம் போகச் சுத்தி பண்ணாமலா குடிக்கிறான்?"

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருபது வயசுப் பையன்கள் விளையாட்டுக்குப் பாடியதை இவ்வளவு அக்கறையாக எடுத்துக்கொண்டவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கிராம்ப்ஸ், ஃபால் இரண்டு குழுக்களும் இந்தப் பாட்டைத் திரும்பப் பாடியிருக்கின்றன; அவர்களுக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

லூயிலூயி

எல்லாம் சரி, ஆனால் எல்லோரும் சோனிக்ஸிலிருந்தே ஆரம்பிப்பது எனக்கு எரிச்சல். கார் கொட்டகையில் பழகிய பையன்களின் முரட்டு ராக், அதாவது கேரேஜ் ராக் என்றால் போர்ட்லாண்டின் கிங்ஸ்மென் குழு அல்லவா? 1963 ஏப்ரலில் அவர்களுடைய 'லூயி லூயி' பாட்டு பதிவாகிவிட்டது. பாடகர் ஜாக் ஈலி உயரத்தில் தொங்கிய மைக்கைப் பார்த்துக் கத்த, வார்த்தை ஒன்றும் புரியாமல், ஆபாசமாக இருக்குமோ என்று எஃப்.பி.ஐ. விசாரணையே நடந்தது. கடைசியில் அவர்களுக்கும் புரியவில்லை.

என் கதை சின்னது. கல்லூரிக் குழுவில் இதை வாசித்தோம். கிட்டார் சோலோ முடிந்ததும் ஈலி அவசரப்பட்டு முன்னாலேயே நுழைந்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பிப்பார் இல்லையா? எங்கள் பாடகன் அதைத் திருத்தி, கணக்காக உள்ளே வந்தான். பாட்டு அந்த இடத்திலேயே செத்துப் போச்சு. கைதட்டல் வந்தது, அதுதான் கொடுமை.

பழைய ஊசி

லூயிலூயி அண்ணா, வம்புக்கு இழுக்கவில்லை. ஆனால் முதலில் யார் என்று பார்த்தால் கிங்ஸ்மெனும் இல்லை. டகோமாவின் வெய்லர்ஸ் குழு 1961-லேயே ராக்கின் ராபின் ராபர்ட்ஸைப் பாடவைத்து அதே பாட்டை வெளியிட்டுவிட்டார்கள், அதுவும் தாங்களே தொடங்கிய எட்டிக்கெட் நிறுவனத்தில். சோனிக்ஸைக் கூட்டி வந்து ரெக்கார்டு போட்டதும் அதே எட்டிக்கெட், அதே வெய்லர்ஸின் பக் ஆர்ம்ஸ்பி. இரண்டு ஊரைப் பிரித்து அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. 'லூயி லூயி' எழுதிய ரிச்சர்ட் பெர்ரி லாஸ் ஏஞ்சலிஸ்காரர். சோனிக்ஸின் 'ஹேவ் லவ் வில் டிராவல்' கூட அவருடையதுதான்.

சொந்த அனுபவம் கேட்டால், காரில் அந்தப் பாட்டு ஓடியபோது பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த மாமியார் சாக்ஸபோன் வந்ததும் விழித்து, "யார்றா இவன், மாடு மாதிரி" என்றார். சண்டைக்கு நடுவில் மறக்கும் முன் எழுதிவிட்டேன்.

மோனோமட்டும்

ஒருமுறை ஒரு நண்பன் வீட்டில் சோனிக்ஸின் 'சைக்கோ' கேட்டேன், போன் ஸ்பீக்கரில். பாடகர் ஜெரி ராஸ்லியின் அலறல் கொசு மாதிரி வந்தது. எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். தயவுசெய்து மோனோவில், அதாவது எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில் வரும்படி கேளுங்கள். எட்டிக்கெட் காலத்துப் பதிவுகளை நார்ட்டன் நிறுவனம் மறுபதிப்பாகப் போட்டது, கிடைத்தால் விடாதீர்கள். ஈக்வலைசரில் கை வைக்க வேண்டாம். இரைச்சலைக் குறைத்தால் மிச்சம் எதுவும் இருக்காது. 1965-இன் முதல் ஆல்பத்துக்கு அப்புறம் 1966-இன் 'பூம்'. அதற்காக டகோமாவில் ஒரு சின்னக் கூடத்தில் பதிவு செய்தபோது, எதிரொலி வரட்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்துப் போட்டார்களாம். 'லூயி லூயி' அதிலும் உண்டு, மூலத்தைவிடக் கருகலாக. ஜெர்டன் நிறுவனத்தில் 1967-இல் வந்த மூன்றாவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கழுவித் துடைத்த சத்தம், குழுவுக்கே அது பிடிக்கவில்லை.

இன்னொன்று. ஃபேடர் சொன்னதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பீக்கரைக் குத்த ஊசியை எடுக்காதீர்கள். 1958-இல் கிட்டார்காரர் லிங்க் ரே பென்சிலால் குத்தினார், 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கீறினார், தெரியும். அவை மலிவான பெட்டிகள். இன்றைக்கு உங்கள் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) விலை என்ன என்று பாருங்கள். சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் ஒன்று போதும். வால்வு ஆம்பின் பின்புறத்தைத் திறக்கவே திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே ஆளை அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

பக்கவாத்தியம்

2015-இல் 'திஸ் இஸ் த சோனிக்ஸ்' வந்த சமயம் மேடையில் பார்த்தேன். ராஸ்லி கீபோர்டுக்குப் பின்னால் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் போல அமைதியாக இருந்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வாயைத் திறந்ததும் அந்த அலறல்! என் முன்னால் நின்ற பையன் பின்னால் திரும்பி, வேறு யாரோ கத்துகிறார்கள் என்று தேடினான்.

சாக்ஸபோன் ராப் லிண்ட், குழு கலைந்த பிறகு வியட்நாம் போரில் விமானியாகி, அப்புறம் பயணிகள் விமானமும் ஓட்டியவர். மெக்கார்ட் விமானப்படைத் தளத்து ஜெட்களின் வெடிச்சத்தத்தை, அதாவது 'சோனிக் பூமை' வைத்துப் பெயர் வைத்த குழுவிலிருந்து அவர் விமானத்தில் ஏறியது பொருத்தம்தான்.

லூயிலூயி அண்ணாவுக்கு ஒரு தகவல்: அன்று பேஸ் வாசித்துப் பாதிப் பாட்டுகளைப் பாடிய ஃப்ரெடி டென்னிஸ் முன்பு கிங்ஸ்மெனில் இருந்தவர்.

லூயிலூயி

அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆள் எங்களிடமிருந்துதானே போனார்?