ஜெல் பாலிஷ் நாலே நாள்ல தூக்குது, கட்டை விரல்ல சுருக்கம் – எங்கே தப்பு?

கேட்டவர்:
நாலாவது நாள்ல க்யூட்டிகிள் (நகத்தோட அடியில ஒட்டியிருக்கற தோல்) பக்கம் லேசா தூக்குது, தலை கோதினா முடி மாட்டுது. ஆறாவது நாள் முழுத் தகடா கழண்டு வந்துடுது. முதல்ல போறது ரெண்டு கட்டை விரலும்தான். கறுப்பு போட்டா கட்டை விரல்ல சுருக்கம் வேற விழுது.

செய்யற முறை: வெந்நீர்ல கையை ஊறவெச்சு க்யூட்டிகிளைத் தள்ளுவேன். கண்டிஷனர் சேர்த்த ரிமூவரால துடைப்பேன். பேஸ் ஒண்ணு, கலர் ரெண்டு, டாப் ஒண்ணு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஜெல்லை இறுக வைக்கற 48 வாட் லேம்ப்ல 60 விநாடி, அஞ்சு விரலும் ஒண்ணா. வெளிய எடுத்தா பிசுபிசுன்னு இருக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் ஆல்கஹால்ல துடைச்சுடறேன். லேம்ப்பும் பாலிஷும் வேற வேற கம்பெனி.

இன்னும் அதிக வாட் லேம்ப் வாங்கணுமா? போன தடவை விரல் ஓரத்துல லேசா அரிச்சுது, அது ரிமூவரால இருக்கும்.

மருதாணி_விரல்:
லேம்ப்பை விடுங்க, முதல்ல வெந்நீரை நிறுத்துங்க. நகம் தண்ணியை உறிஞ்சி விரியும், காய்ஞ்சதும் பழைய அளவுக்குச் சுருங்கும். மேல இருக்கற ஜெல் கூடவே சுருங்காது, ஓரம் விட்டுப்போகும். க்யூட்டிகிளை ரிமூவர் ஜெல் தடவி உலர்ந்த கையிலேயே எடுக்கலாம். தண்ணியில கை பட்டிருந்தா குறைஞ்சது ஒரு மணி நேரம் விட்டுட்டு ஆரம்பிங்க.

ரெண்டாவது, அந்தக் கண்டிஷனர். அது நகத்து மேல எண்ணெய்ப் படலத்தை விட்டுட்டுப் போகுது, பேஸ் கோட் அது மேலதான் உட்காருது. 90 சதவீதத்துக்கு மேல இருக்கற ஐசோபுரொபைல் ஆல்கஹால், பஞ்சு பிரியாத துணி, இது போதும்.

க்யூட்டிகிளைத் தள்ளினா மட்டும் வேலை முடியாது. தள்ளின இடத்துல கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசா ஒரு தோல் நகத்தோட ஒட்டியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, அந்த இடம் மட்டும் வேற மாதிரி மினுங்கும். அதைச் சுரண்டி எடுத்துட்டு 240 கிரிட் (சொரசொரப்பு அளவு) பஃபரால பளபளப்பு போற அளவுக்கு மட்டும் தேய்ங்க, அழுத்தித் தேய்ச்சா நகம் மெலிஞ்சிடும். உங்களுக்குத் தூக்கறது க்யூட்டிகிள் பக்கமா இருக்கறதால எனக்கு இந்தத் தோல் மேலதான் சந்தேகம்.

பஃபர்240:
கட்டை விரல் கதை வேற. அஞ்சையும் ஒண்ணா நுழைச்சா கட்டை விரல் பக்கவாட்டுல சாய்ஞ்சு நிக்கும், மேல இருந்து வர்ற வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழும். நாலு விரல் முதல்ல, கட்டை விரல் ரெண்டும் தனியா, நகம் மேல் பார்த்து நேரா இருக்கணும்.

கறுப்புல சுருங்கறதுக்குக் காரணம் நிறமி. வெளிச்சம் அடி வரைக்கும் போகாம மேல்தோல் மட்டும் இறுகிடும், அடியில கூழாவே நிக்கும். கறுப்பு, அடர் நீலம், வெள்ளை மூணுமே அப்படித்தான். முதல் கோட்ல திட்டுத் திட்டா நகம் தெரியற அளவுக்கு மெல்லிசா போடுங்க. ரெண்டு கோட்ல மூடலைன்னா மூணாவது போடுங்க, ரெண்டையே தடிமனாக்க வேண்டாம்.

வாட் பத்தி: அது லேம்ப் இழுக்கற மின்சாரத்தோட கணக்கு. நகத்துல விழற வெளிச்சத்தை அது சொல்லாது. ஜெல்லை இறுக வைக்கற பொருள் குறிப்பிட்ட அலைநீளத்துக்குத்தான் வேலை செய்யும். பெரும்பாலான எல்இடி லேம்ப்ல 365, 405 நானோமீட்டர் ரெண்டும் இருக்கும், ஆனா எது எவ்வளவுன்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாலிஷ் கம்பெனி சொல்ற லேம்ப்பும் நேரமும்தான் சரி.

பிசுபிசுப்பு ஜெல் வேகாததால, அதாவது இறுகாததால, இல்லை. காத்துல இருக்கற ஆக்சிஜன் மேல்படலத்தை மட்டும் இறுக விடாது. நடுவுல துடைக்காதீங்க, டாப் கோட் முடிஞ்சதும் ஒரு தடவை போதும். துடைக்கவே வேண்டாத டாப் கோட்டும் கிடைக்குது.

ஓரக்கோடு:
எல்லாரும் கடைசி வரியைத் தாண்டிப் போயிட்டீங்க. அரிப்பு ரிமூவரால மட்டும்தான்னு முடிவு கட்டாதீங்க. முழுசா இறுகாத ஜெல் தோல்ல பட்டா, அதுல இருக்கற அக்ரிலேட்ங்கற ரசாயனக் குடும்பத்தால ஒவ்வாமை வரலாம், அந்தக் குடும்பத்துல முன்னால நிக்கறது ஹெமாங்கற பொருள். ஒரு தடவை ஒவ்வாமை வந்துடுச்சுன்னா பொதுவா ஆயுசுக்கும் இருக்கும். பல் அடைக்கற பொருள், எலும்பு சிமென்ட் இதுலயும் அக்ரிலேட் குடும்பம்தான், அதனால இது வெறும் நக விஷயம் இல்லை.

'ஹெமா இல்லாதது'ன்னு மாத்தினா தீர்ந்துடாது, அதே குடும்பத்துல வேற ஆள் உள்ள இருப்பார். ஐரோப்பிய ஒன்றியத்துல 2021ல இருந்து ஹெமா இருக்கற நகப் பூச்சுல 'தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்'னு எழுதியே ஆகணும்.

இப்போதைக்கு நிறுத்துங்க. தோல் மருத்துவர்கிட்ட பேட்ச் டெஸ்ட் (எது ஒத்துக்கலைன்னு தோல்ல ஒட்டிப் பார்க்கற சோதனை) கேளுங்க.

கேட்டவர்:
கழண்ட துண்டுங்களைப் பார்த்தேன். கட்டை விரல் துண்டுல நகத்தால அழுத்தினா தடம் விழுது. மத்தது கெட்டியா இருக்கு, அடிப்பக்கம் வழவழன்னு பளபளப்பு.

பஃபர்240:
அப்ப கட்டை விரல் சரியா வேகலை. மத்த எட்டும் தயாரிப்புத் தப்பு, பிடிக்கவே இல்லாம அப்படியே வந்திருக்கு. அந்த வேகாத துண்டைக் கையால தொடாதீங்க.

கேட்டவர்:
மிச்சம் இருக்கறதைப் பிச்சு எடுத்துடவா?

மருதாணி_விரல்:
பிச்சா நகத்தோட மேலடுக்கும் சேர்ந்து வரும், வெள்ளைத் திட்டு விழும். டாப் கோட்டை 180 கிரிட் ஃபைலால கீறுங்க. சுத்தியிருக்கற தோல்ல வாஸ்லின். சுத்தமான அசிட்டோன்ல நனைச்ச பஞ்சை வெச்சு அலுமினியத் தாளைச் சுத்தி 10–15 நிமிஷம். தானா நொறுங்கினதை மட்டும் மரக்குச்சியால தள்ளுங்க. வரலைன்னா சுரண்டாம இன்னும் அஞ்சு நிமிஷம் சுத்துங்க. ஜன்னல் திறந்திருக்கணும், அடுப்பு பக்கமே வேண்டாம்.

ஓரக்கோடு:
அரிச்ச இடத்துல தோல் வெடிச்சிருந்தா அசிட்டோனையும் தொடாதீங்க, வெட்டி வெட்டி வளர விடுங்க. தூக்கின ஓரத்தை மட்டும் நகவெட்டியால ஒட்ட நறுக்குங்க, அடியில தண்ணி தேங்கினா நகம் பச்சையாகும்.